கட்டணமில்லாக் கல்வியும் கல்வித் திறப்பும்: தென்சென்னை வரலாறு காட்டும் நெறி

1. தோற்றுவாய்

கல்வியை விலையின்றி வழங்குதல் தமிழகத்திற்குப் புதிய கொள்கையன்று. ஆசிரியர் மனையில் உண்டும் உறைந்தும், பொருள் கொடாது பாடங்கேட்ட மாணாக்கர் மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அறாது வந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் அரவணைப்பில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நடத்திய பாடங்களே இதற்குப் போதிய சான்றாகும். ஆயினும், அவ்வாறு பெற்ற கல்வி, ஆசிரியரை நேரிற் சென்று அடைய இயன்ற சிலர்க்கே உரியதாயிற்று. எண்ணிறந்தோர்க்கு ஒரே காலத்தில் ஒரே பாடத்தைக் கட்டணமின்றி வழங்கலாம் என்னும் நிலை இணையம் பரவிய பின்னரே ஏற்பட்டது.

இந்நிலை பற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. இணையவழிப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைப்பதனால் கல்வி எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பர் ஒருசாரார். சேர்வோருள் மிகச் சிலரே முடிக்கின்றனராதலின் அம்முயற்சி வீண் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் கட்டணத்தை நீக்குதலும் கல்வியைத் திறந்துவிடுதலும் ஒன்றே எனக் கொண்டு எழுந்தவை. அவை இரண்டும் வேறு வேறு என்பதனைச் சென்னை மாநகரின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் நிகழ்ந்த கல்வி முயற்சிகளின் வரலாறு கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களும், அவற்றை அடுத்த கோட்டூர்புரம், கிண்டி, தரமணி முதலியனவும் ஈண்டு ஆய்வின் களமாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும், என்பிடெல் என்னும் தேசியத் திட்டத்தின் அலுவலகமும் இக்களத்திலேயே உள்ளன. அவற்றிற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இதே நிலப்பகுதியில் கட்டணமில்லாக் கல்வி பலவாறு சோதிக்கப்பட்டது. அம்முன்வரலாற்றை அறிந்தாலன்றிப் பின்வந்தவற்றின் நிறைகுறைகளை அளந்தறிதல் இயலாது.

2. இணையத்திற்கு முந்திய முயற்சிகள்

அடையாற்றில் பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவரான ஆல்காட், 1894-ஆம் ஆண்டில் அச்சபையின் நிலப்பகுதியை ஒட்டிப் பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பெற்ற ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகட்கு இலவசப் பள்ளியொன்றை நிறுவினார். பின்னர்ச் சென்னையின் பிற பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் தோன்றின. மயிலாப்பூரில் அமைந்த பள்ளி திருவள்ளுவர் பெயர் தாங்கியது. அக்குழந்தைகளைக் கல்வியினின்று விலக்கிவைத்தது வறுமை மட்டுமன்று. ஏனைய பள்ளிகளின் கட்டணத்தை எவரேனும் அவர்க்காகச் செலுத்தியிருப்பினும், சாதித் தடை அவர்களை உள்ளே விட்டிராது. ஆகவே, கட்டணமின்மையோடு 'இங்கு நீ வரலாம்' என்னும் வெளிப்படையான அழைப்பும் தேவைப்பட்டது. அவ்வழைப்பே அப்பள்ளியின் சிறப்பாகும்.

இரண்டாம் சான்று மாநகராட்சியைச் சார்ந்தது. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் ஏழைக் குழந்தைகட்கு, ஆளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க இசைந்தது. வறுமை மிகுதியால் பள்ளியில் மாணாக்கர் தொகை குறைகின்றது என்பதே அதற்குக் காட்டப்பெற்ற காரணம். கட்டணத்தடை இல்லாதவிடத்தும் பசித்தடை இருந்தது என்பது இதனால் தெற்றென விளங்கும். இத்திட்டம் 1925-இல் தடைப்பட்டதாயினும், பிற்காலத் தமிழகத்தின் பெருந்திட்டமான மதிய உணவிற்கு முன்னோடியாய் அமைந்தது. தியாகராய நகர் இன்றும் அவர் பெயரால் விளங்குகின்றது.

மூன்றாம் சான்று நூலகத்தைப் பற்றியது. 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், நூல்களைப் பூட்டிக் காப்பதினும் அவற்றைப் படிப்போர் கையிற் சேர்ப்பதே நூலகத்தின் கடன் என்னும் கொள்கையினர். நூலடுக்குகளுக்கிடையே படிப்போர் தாமே சென்று நூல்களைத் தெரிந்தெடுக்கும் திறந்த அடுக்கு முறையை அவர் கைக்கொண்டார். ஆனால் அவர் அத்துடன் அமையவில்லை. வாசகரின் தேவையைக் கேட்டறிந்து உரிய நூலிடம் அவரை அழைத்துச் செல்லும் துணைப்பணியையும் நூலகத்தின் இன்றியமையாத உறுப்பாக்கினார். அடுக்கைத் திறந்துவிடுதல் ஒரு நாளில் முடியும் செயல். உரியவரை உரிய நூலிடம் சேர்த்தல் நாள்தோறும் செய்யவேண்டிய தொண்டு. இவ்வேறுபாட்டை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய உழைப்பின் பயனாக 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக வரியின் வாயிலாக அத்தொண்டிற்கு நிலையான பொருள்வளத்தையும் ஏற்படுத்தியது.

இம்மூன்று சான்றுகளையும் ஒருங்குவைத்து நோக்கின் ஒரு பொது இயல்பு புலனாகும். ஒவ்வொரு முயற்சியிலும் கட்டணநீக்கம் முதற்படியாய் அமைந்தது. அதனையடுத்துப் பிறிதொன்று தேவைப்பட்டது. அடையாற்றில் அஃது அழைப்பு. ஆயிரம் விளக்கில் உணவு. பல்கலைக்கழக நூலகத்தில் வழிகாட்டும் துணை. இப்பிறிதொன்றினையே இக்கட்டுரை 'கற்போர் துணை' என்னும் தொடரால் குறிக்கின்றது.

3. தமிழ் இணையப் பல்கலைக்கழகம்

வகுப்பறைக்கு வர இயலாதார்க்குப் பாடம் அனுப்பும் முயற்சி அஞ்சல்வழியே தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-லும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வியை மேற்கொண்டன. அச்சிட்ட பாடங்களோடு, குறித்த நாள்களில் ஆசிரியரும் மாணாக்கரும் கூடும் தொடர்பு வகுப்புகளும் அம்முறையில் இடம்பெற்றன. தொலைவிலிருந்து கற்பாரும் இடையிடையே முகம் நோக்கிக் கற்றல் வேண்டும் என்பது அம்முறையை வகுத்தோர் கண்ட உண்மை.

1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற 'தமிழிணையம் 99' மாநாட்டில், உலகத் தமிழர்க்கென இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்படும் என்று அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்தார். அவ்வறிவிப்பின்படி 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனத் தலைவராக விளங்கிய வா. செ. குழந்தைசாமி, அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராய்ப் பணியாற்றியவர். தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டறிவு, தமிழ் இணையக் கல்விக்கு இவர் வாயிலாக வந்து சேர்ந்தது எனலாம். 2010 முதல் அந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் கோட்டூர்புரத்தில் இயங்கி வருகின்றது.

ஈண்டுக் காலநிரல் ஒன்று கருதற்பாலது. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளை உலகோர்க்குக் கட்டணமின்றி வெளியிடப்போவதாக அறிவித்த நாள் 2001 ஏப்ரல் 4. திறந்த கல்வியின் வரலாறு எழுதுவோர் பலர் அந்நாளையே தொடக்கமாகக் கொள்வர். அதற்கு ஆறு வாரங்கட்கு முன்னரே சென்னையில் தமிழ்க்கல்விக்கென இணைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டுவிட்டது. இதனால், திறந்த கல்வி தமிழகத்திற்கு மேல்நாட்டினின்று இறக்குமதியானது என்னும் எண்ணம் முழுமையான உண்மை ஆகாது என்க. இவ்விரண்டின் நோக்கங்களும் வேறுபட்டவை. முன்னது, புலம்பெயர்ந்த தமிழரின் மக்கள் தாய்மொழியை இழவாதிருத்தற்பொருட்டுத் தோன்றியது. பின்னது, ஒரு பெருங்கல்விக் கூடம் தன் பாடப்பொருளைப் பொதுவாக்கும் எண்ணத்தால் விளைந்தது.

நோக்கத்தின் வேறுபாடு பாடத்தின் அமைப்பிலும் புலனாகின்றது. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் படிநிலைகள் மழலைக் கல்வியில் தொடங்கிச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என உயர்வன. பட்டநிலைப் பாடம் ஒவ்வொன்றும், அப்பாடம் எதனைக் கூறுகின்றது, அதனைப் படிப்பதனால் எய்தும் பயன் யாது என்னும் முன்னறிவிப்புடன் தொடங்கும். இடையிடையே 'தன்மதிப்பீடு' என்னும் தலைப்பில் வினாக்கள் வரும். இறுதியில் தொகுப்புரை அமையும். அருகில் ஆசிரியர் இலர் என்பதனை உணர்ந்து, ஆசிரியர் கேட்கும் வினாவைப் பாடமே கேட்குமாறு செய்த அமைப்பு இது. பண்டை உரையாசிரியர்கள் வினா எழுப்பி விடை கூறிச் சென்ற மரபு புதுக்கோலம் பூண்டது என்று இதனைக் கருதலாம். இதனோடு, வெளிநாடுகளில் தமிழ் அமைப்புகளின் துணையால் தொடர்பு மையங்களும் ஏற்பட்டன. சங்க இலக்கியமும் உரைகளும் நிகண்டுகளும் அகராதிகளும் அடங்கிய மின்னூலகம் பாடங்களுக்குத் துணையாய் நின்றது. பாடத்தைப் பயிலாதோரும் அந்நூலகத்தைப் பயன்கொள்கின்றனர்; தமிழ் முதுகலை மாணவருள் அதனை நாடாதார் அரியர்.

4. என்பிடெல் திட்டம்

கோட்டூர்புரத்திற்கு மிக அண்மையில், சர்தார் பட்டேல் சாலையில், 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ளது. தொழில்நுட்பவழிக் கற்றல் வளர்ச்சிக்கான தேசியத் திட்டம், சுருக்கமாக என்பிடெல், 2003-ஆம் ஆண்டில் நடுவணரசின் பொருளுதவியுடன் தொடங்கியபோது, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதிற் பங்கேற்றன. சென்னைக் கழகத்தின் அந்நாள் இயக்குநர் எம். எஸ். அனந்த் அதனை முன்னின்று நடத்தியோருள் முதன்மையானவர். நாடெங்கும் பொறியியற் கல்லூரிகள் பெருகிய அக்காலத்தில், தகுதிவாய்ந்த ஆசிரியர் பற்றாக்குறை பெருங்குறையாய் இருந்தது. சிலர்க்கே கிட்டும் ஆசிரியரின் பாடத்தைப் பலர்க்கும் எட்டச் செய்தலே திட்டத்தின் கருத்து.

அக்காலத்தே தொழில்நுட்பப் பாடங்களை ஒளிபரப்பிய தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஏகலைவன் பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஆசிரியரின் உருவை முன்னிறுத்தித் தானே கற்றவன் என்னும் கருத்தில் இட்ட பெயர் அது. ஆனால் ஏகலைவன் கதையின் எஞ்சிய பகுதியும் எண்ணத்தக்கது. அவன் கற்றது கட்டணமின்றி. கற்ற கல்வியை ஏற்பிக்க வேண்டிய நேரத்திற் கொடுத்ததோ தன் கட்டைவிரல். தானே கற்றவனுடைய கல்வியை யார், எவ்வாறு மதித்து ஏற்பது என்னும் வினா இக்கதையில் அடங்கியுள்ளது. என்பிடெல் திட்டத்தின் முதற் பத்தாண்டில் இவ்வினாவிற்கு விடை இல்லை. பாடங்கள் கிடைத்தன; கற்றார்க்குச் சான்று கிட்டவில்லை.

2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இணையவழிச் சான்றிதழ்ப் பாடங்கள் தொடங்கியதும் இந்நிலை மாறியது. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரங்கள் என வகுக்கப்பட்ட இப்பாடங்களிற் சேர்தற்கும் கற்றற்கும் கட்டணம் இல்லை. வாரந்தோறும் ஒப்படைப்புகள் உண்டு. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி, குறித்த மையத்திற்கு நேரிற் சென்று தேர்வெழுத வேண்டும். 2017-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் 'சுவயம்' என்னும் தேசியத் தளம் தொடங்கப்பெற்ற பின் இப்பாடங்கள் அதன் உறுப்பாயின. பல்கலைக்கழக மானியக் குழு, இத்தளத்தின் பாடங்களைப் பட்டப்படிப்பின் மதிப்பலகுகளாக ஏற்றுக்கொள்ள 2016-ஆம் ஆண்டு விதிகளால் நூற்றுக்கு 20 வரையும், 2021-ஆம் ஆண்டு விதிகளால் 40 வரையும் இசைவளித்தது.

இத்திட்டத்தில் வரலாற்று மாணாக்கர் நுணுகி நோக்கத்தக்க கூறு மற்றொன்றுண்டு. கல்லூரிகளில் என்பிடெல் உள்ளூர்க் கிளைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொரு கிளைக்கும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளராயினர். பாடந்தோறும் மாணவரை ஊக்கும் வழிகாட்டிகளும் அமர்த்தப்பட்டனர். இணையத்தில் எங்கிருந்தும் கற்கலாம் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரும், கற்பவன் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் தேவை மீண்டும் எழுந்தது. அரங்கநாதனின் நூலகத்தில் வாசகர்க்குத் துணைநின்றவரும், அஞ்சல்வழிக் கல்வியின் தொடர்பு வகுப்பு ஆசிரியரும், இந்த உள்ளூர் வழிகாட்டியும் ஒரே தேவையின் வெவ்வேறு காலத்துத் தோற்றங்களாவர்.

5. சேர்வோரும் முடிப்போரும்

மேல்நாட்டு அனுபவமும் இம்முடிபிற்கு அரண் செய்கின்றது. 2011-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாஸ்டியன் துரனும் அறிஞர் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அதன்பின் இத்தகைய பாடங்களை வழங்கும் பெருநிறுவனங்கள் பல தோன்றின. பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்று உரைத்தோரும் உளர். 2012 முதல் 2013 வரை ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் நடத்திய 17 பாடங்களின் கணக்கு, அவ்வார்வத்தை அடக்கியது. பதிவுகள் 8,41,687, சான்றிதழ் பெற்றோர் 43,196. பதிவு செய்தும் பாடத்தின் உட்பகுதியைத் திறந்தே பாராதவர் 2,92,852. அவ்விரு நிறுவனங்களின் ஆறாண்டுக் கணக்கை ஆராய்ந்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முடிப்போர் வீதம் உயரவில்லை என்றும், கற்போர் பெருக்கம் செல்வ நாடுகளிலேயே மிகுந்தது என்றும் காட்டியது.

இக்கணக்கைக் கொண்டு இம்முயற்சியே வீண் எனல் பொருந்தாது. நூலகத்திற்குச் சென்றவர் எடுத்த நூலை இறுதிவரை படித்தாரா என்று எவரும் வினவுவதில்லை. ஓர் ஐயம் தீர்தற்பொருட்டு ஒரு விரிவுரையை மட்டும் கேட்டவரும் பயன் பெற்றவரே. பாடம் நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவர், அப்பொருளையே மூத்த பேராசிரியர் எவ்வாறு விளக்குகின்றார் என்று காண்பதற்காகப் பார்த்துச் செல்லின் அவர் பெயர் முடித்தோர் பட்டியலில் இராது. பயனோ பலரைச் சென்றடையும். ஆயினும் முடிக்க விழைந்து, துணையின்மையால் இடையில் நின்றோர் நிலை வேறு. முன்னரே கற்றுத் தேர்ந்தவர்க்கு இவை எளிதிற் பயன்படுகின்றன. கல்வி கிட்டாதிருந்தார்க்கு அத்துணை எளிதிற் பயன்படுவதில்லை. யாருக்காகக் கட்டணம் நீக்கப்பட்டதோ அவர்க்கே பயன் குறையுமாயின், அம்முயற்சியின் அடிப்படையையே மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வச்சத்தினை வெளிப்படையாக எடுத்துரைத்தோர், கலிபோர்னியாவின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையினர். ஆர்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல் நடத்திய இணையப் பாடத்தைத் தம் வகுப்பிற் பயன்படுத்த மறுத்து, 2013-ஆம் ஆண்டில் அவர்க்கு வெளிப்படையான மடல் ஒன்றினை வரைந்தனர். செல்வர் பயிலும் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் நேரில் நின்று பாடம் சொல்ல, எளியோர் பயிலும் பல்கலைக்கழகங்களில் பதிவுசெய்த படமே ஆசிரியராகும் நிலை வரும் என்பது அவர்தம் கவலை. இக்கவலை நம் நாட்டிற்கும் உரியது. ஆசிரியர் இடங்களை நிரப்பாதிருத்தற்குக் கட்டணமில்லாப் பாடம் ஒரு காரணமாகக் காட்டப்படுமாயின், கல்வியைத் திறக்க வந்த கருவியே அதனைக் குறுக்கும் கருவியாகிவிடும்.

6. மொழித் தடை

தமிழ்வழி பயின்ற மாணவர்க்குத் துணையின்மையோடு மொழித்தடையும் சேர்கின்றது. என்பிடெல் விரிவுரைகளுள் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. அடையாற்றிலுள்ள ஒரு நிறுவனத்தின் பாடம், அதே அடையாற்றில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி பயின்று கல்லூரி புகுந்த மாணவர்க்கு எட்டாத தொலைவில் நிற்றல் கூடும். இக்குறையை உணர்ந்தே அத்திட்டத்தினர் விரிவுரைகளின் எழுத்துவடிவைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிற் பெயர்த்து வெளியிடத் தொடங்கினர். சென்னைக் கழகப் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முதலானோரின் பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வுகள், ஆங்கில விரிவுரையை இந்திய மொழிப் பேச்சாகவே மாற்றும் நெறியிற் சென்றுள்ளன. இவை போற்றத்தக்க முயற்சிகள்.

எனினும், பொறி செய்யும் மொழிபெயர்ப்பைத் தமிழறிஞர் நோக்காதிருத்தல் தகாது. 'ஸ்டிரெஸ்' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொறியியலில் அது தகைவு, உளநூலில் மன அழுத்தம், மொழியியலில் ஒலியழுத்தம். பொருளறிந்து துறைக்கேற்பச் சொல் தெரிதல் புலமையின் பாற்பட்டது. பாலத்தின் தூணுக்கு மன அழுத்தம் ஏற்பட்டது என்று ஒரு பாடம் கூறுமாயின், மாணவர் நகைத்துத் தமிழ்வழிக் கல்வியையே கைவிடுவர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியே கற்பிக்கத் தொடங்கியபோது எழுந்த கலைச்சொற் சிக்கல்கள், இன்று பன்மடங்காகி இணையத்தில் எழுகின்றன.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. பெ. தூரன் முதன்மையாசிரியராய் இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், துறையறிஞரும் தமிழறிஞரும் ஒருங்கிருந்து உழைத்ததன் பயன். துறையறிஞர் பொருளை உறுதிசெய்தனர். தமிழறிந்தார் சொல்லை உறுதிசெய்தனர். விரைவு குறைந்த பணியாயினும் நிலைத்த பணியாயிற்று. பொறி முதல் வரைவைத் தரின், அவ்விருவரும் கூடித் திருத்தும் காலம் குறையும்; அக்கூட்டு வேண்டா என்று கொள்ளுதல் பிழையாகும்.

7. உரிமையும் நிலைபேறும்

திறந்த கல்வி என்னும் தொடரில் மற்றொரு பொருளும் அடங்கும். ஒரு பாடத்தைக் காணலாம் என்னும் இசைவு வேறு. அதனைப் படியெடுத்து, திருத்தி, தம் மாணாக்கர்க்கு ஏற்ப மாற்றி வழங்கலாம் என்னும் உரிமை வேறு. பின்னதே முழுமையான திறப்பு. இக்கருத்தும் தமிழகத்தார்க்குப் புதிதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்று, பின்னர்ப் பொதுமக்கட்கு உரியதாக்கியது. அதனைத் தொடர்ந்து அறிஞர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு வருகின்றன. உரிமையுடையார்க்குப் பரிவுத்தொகை அளித்து, நூலைப் பதிப்பிக்கும் உரிமையை எல்லார்க்கும் வழங்கும் இம்மரபு, திறந்த கல்வி வளத்திற்கு இயல்பான அடித்தளமாகும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் வாழும் தமிழ் ஆர்வலரின் கூலியில்லா உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது. அவ்வுழைப்பிற்கும் உரிமைத்தடை இன்மையே வழிகோலியது.

உரிமையோடு நிலைபேறும் கருதற்பாலது. தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்ற எழுத்துக் குறியீட்டு முறைகளில் அமைந்த பக்கங்கள், ஒருங்குறி பரவிய பின் மாற்றியமைக்கப்பட வேண்டியனவாயின. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஓலையைப் பெயர்த்தெழுதாவிடின் சுவடி அழியும் என்பதனை நம் முன்னோர் அறிவர். மின்னேடும் அத்தகையதே, காலந்தோறும் புதுவடிவிற் பெயர்த்தாலன்றி நில்லாது. பாடத்தை ஒருமுறை ஆக்குதற்குப் பொருள் ஒதுக்கி, அதனைப் பேணுதற்கு ஒதுக்காத திட்டம் பாதித் திட்டமே.

8. தமிழ்த்துறைகளின் கடமை

இவ்வரலாற்றினின்று தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க செயல் ஒன்றினை முன்மொழிதல் பொருந்தும். பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. அஃது 1943-இல் நிறுவப்பெற்றது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் நூலகம், 1886 முதல் சுவடிகளைத் திரட்டிக் காத்து வருவது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1994 முதல் இயங்குவது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அடுத்தடுத்து உள்ளன. சுவடி வாசிப்பு, பதிப்பு நெறி, கல்வெட்டு வாசிப்பு ஆகிய மூன்றினையும் தமிழிலேயே இணையவழிப் பாடங்களாக அமைத்தற்கு இதனினும் வாய்ப்பான களம் அரிது. சுவடி வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் இன்று சிலரே. அவர்தம் கை சுட்டும் எழுத்தையும் வாய் கூறும் பாடத்தையும் பதிவுசெய்தல், கட்டணமில்லாக் கல்விக்கு உதவுவதோடு, அழியும் கலையொன்றைக் காத்தலும் ஆகும்.

அப்பாடத்தை இணையத்தில் இட்டவுடன் கடமை முடிந்தது எனக் கருதலாகாது. மாவட்டந்தோறும் ஒரு கல்லூரி நூலகத்தில், திங்களுக்கு ஒரு நாள், கற்போர் கூடி ஓலை ஒன்றினை ஒருங்கே வாசிக்க ஏற்பாடு வேண்டும். அதனை நடத்த முதுகலை முடித்த ஆய்வு மாணவர் ஒருவர் போதும். தேர்வும், நினைவிலுள்ளதை ஒப்புவிப்பதாக இன்றி, காணாத ஏடொன்றைப் படித்துப் பெயர்த்தெழுதச் செய்வதாக அமைதல் வேண்டும். அவ்வாறு தேறியோரின் சான்றினைப் பல்கலைக்கழகங்கள் மதிப்பலகாக ஏற்க வேண்டும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

(அ) கட்டணமில்லாக் கல்வி தென்சென்னையில் 1894 முதல் பலமுறை முயன்று பார்க்கப்பட்டது. ஒவ்வொருகாலும் கட்டணநீக்கம் முதற்படியாகவும், அக்காலத்துத் தடைக்கேற்ற துணை இரண்டாம் படியாகவும் அமைந்தன.

(ஆ) தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் என்பிடெல் திட்டமும் பாடத்தைப் பொதுவாக்கின. முன்னது பாட அமைப்பிலும் தொடர்பு மையங்களிலும், பின்னது தேர்விலும் உள்ளூர்க் கிளைகளிலும் கற்போர் துணையை நாடியமை அவற்றின் வலிமைக்குக் காரணமாயிற்று.

(இ) முடிப்போர் தொகையின் குறைவு இம்முயற்சியின் பயனின்மையைக் காட்டாது, துணையின்மையையே காட்டும். அத்துணைக்கு வேண்டும் பொருளும் ஆசிரியரும் பாடத்திற்கு ஒதுக்கப்படுவனவற்றோடு ஒருசேர ஒதுக்கப்படல் வேண்டும்.

(ஈ) தமிழ்வழிக் கற்போர்க்கு மொழித்தடை நீங்காதவரை கல்வித் திறப்பு முற்றுப்பெறாது. அத்தடையை நீக்கும் பணியிற் பொறியும் உதவும். சொல்லுக்கும் பொருளுக்கும் பொறுப்பேற்பவர் தமிழறிஞராதல் வேண்டும்.

1920-ஆம் ஆண்டில் ஓர் அணாச் சிற்றுண்டிக்கு இசைந்தோர், பள்ளியின் வாயில் திறந்திருந்தும் குழந்தைகள் ஏன் வரவில்லை என்று வினவினர். அவ்வினாவைத் திறந்த கல்வி முயற்சி ஒவ்வொன்றிலும் வினவி, விடைக்கேற்பச் செயல் வகுத்தலே வரலாறு நமக்குக் காட்டும் நெறியாகும்.